வியர்க்கிறதா? சளியின் முதல் நாளும் சீன வைத்தியமும்



அடைமழைக் காலம் இது. இந்த அரங்கிலேயே நாலைந்து பேர் தும்முவது மேடைவரை கேட்கிறது. ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் யாருக்கும் தூரத்துப் பொருள் அல்ல. சளி பிடிக்கப் போகிறது என்று உடம்பு சொல்லும் அந்த முதல் நாளில் நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சீன தேசம் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில் என்ன? அந்தப் பதிலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, எட்ட வைக்க வேண்டியது எது? இதுதான் இன்றைய பேச்சு.

முதல் நாள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தொண்டையில் ஒரு கரகரப்பு. பிடரியில் ஓர் இறுக்கம். மின்விசிறிக் காற்று பட்டாலே முதுகு சிலிர்க்கிறது. மூக்கு நீராக ஒழுகத் தொடங்குகிறது. இன்னும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே நாம் என்ன கேட்கிறோம்? “இதற்கு என்ன மாத்திரை?” என்று கேட்கிறோம். மருந்துக் கடைக்காரரும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

பழைய மரபில் வந்த சீன வைத்தியரிடம் போனால் மருந்தின் பேச்சு கடைசியில்தான் வரும். அதற்கு முன் அவர் கேட்பார்: குளிர் அதிகமா, சூடு அதிகமா? தாகம் எடுக்கிறதா? தொண்டை வலிக்கிறதா, வறண்டிருக்கிறதா? பிடரி பிடித்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்பார். வியர்க்கிறதா?

இந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு அனுபவம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நாம் இரண்டாம் நூற்றாண்டின் கடைசிக்குப் போக வேண்டும்.

இன்றைய ஹெனான் மாகாணத்தில் நான்யாங் என்ற ஊர். அந்த ஊரைச் சேர்ந்தவர் ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர். ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம். போர், பஞ்சம், கொள்ளை நோய். தன் நூலின் முன்னுரையில் அவரே சொல்கிறார்: அவருடைய குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கி.பி. 196க்குப் பிறகு பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். அப்படி இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது குளிர் தாக்கி வந்த காய்ச்சல் என்கிறார். இழவு விழாத வீடு இல்லாத குலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் பழைய மருந்து முறைகளையெல்லாம் திரட்டினார், சோதித்தார், எழுதினார். அதுதான் குளிர் நோய்களைப் பற்றிய அவருடைய பெருநூல். போரில் சிதறிய அந்த நூலைப் பின்னால் வாங் ஷூஹே என்ற வைத்தியர் தேடித் தொகுத்தார். 1065இல் சோங் அரசு அதை அச்சிட்டது. இன்றும் சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் வைத்திய மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அவர் எதிர்கொண்ட காய்ச்சல் நம் வீட்டுச் சளி அல்ல. உயிர் குடித்த காய்ச்சல். ஆனால் எந்தக் காய்ச்சலுக்கும் ஒரு முதல் நாள் உண்டு அல்லவா? அந்த முதல் நாளுக்கு அவர் எழுதியதைத்தான் பின்வந்தவர்கள் சாதாரண சளிக்கும் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய பார்வை இது: நோய் இப்போது திண்ணையில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது, கூடத்துக்குள் நுழைவதற்குள் வந்த வழியே அனுப்பிவிடு. வந்த வழி எது? தோல். அனுப்பும் வழி எது? வியர்வை.

அப்படியானால் எல்லோரையும் வியர்க்க வைத்துவிடலாமா? இல்லை! இங்கேதான் அந்த வைத்தியரின் நுட்பம் தெரிகிறது.

ஒருவருக்குக் குளிர்கிறது, உடம்பு வலிக்கிறது, ஆனால் துளி வியர்வை இல்லை. இன்னொருவருக்குக் காற்று பட்டால் கூசுகிறது, உடம்பு சுடுகிறது, ஆனால் தானாகவே வியர்த்துக்கொண்டிருக்கிறது. நமக்கு இரண்டும் சளிதான். அவருக்கு இரண்டும் வேறு. முதலாமவருக்கு மாஹுவாங் என்ற எபெட்ரா செடியை முதன்மையாக வைத்த கஷாயம். இரண்டாமவருக்குக் குய்ஜி என்ற சீன லவங்கப்பட்டை மரக் கிளையை முதன்மையாக வைத்த கஷாயம். பிடரியும் முதுகும் இறுகிப் பிடித்திருந்தால் குட்ஸு கிழங்கு சேர்த்த மூன்றாவது கஷாயம். அந்த மூன்றாவது கஷாயம்தான் கக்கோன்தோ என்ற பெயரில் இன்றும் ஜப்பானிய மருந்துக் கடைகளில் சளியின் தொடக்கத்துக்கு விற்கிறது.

குய்ஜி கஷாயத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். அதில் ஐந்தே பொருள்கள். லவங்கப்பட்டை மரக் கிளை, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், பன்னிரண்டு சீன இலந்தைப் பழங்கள். இஞ்சியும் அதிமதுரமும் நம் நாட்டு மருந்துக் கடையிலும் இருப்பவைதான். ஏழு பங்கு தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் வைத்து, மூன்று பங்காக வற்ற வைக்கிறார். அதில் ஒரு பங்கை வெதுவெதுப்பாகக் குடிக்கச் சொல்கிறார். இதோடு முடிந்ததா? இல்லை. கவனமாகக் கேளுங்கள், இனிமேல்தான் வைத்தியமே தொடங்குகிறது.

குடித்த சற்று நேரத்தில் ஒரு கிண்ணம் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டும், மருந்துக்குத் துணையாக. பிறகு போர்த்திப் படுக்க வேண்டும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். உடம்பு முழுவதும் லேசாக வியர்வை அரும்ப வேண்டும். அரும்பினால் போதும்! தண்ணீராக வழிந்தோடக் கூடாது. வழிந்தால் நோய் போகாது என்று எச்சரிக்கிறார். ஒரு வேளையிலேயே வியர்த்துக் குணம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். மீதிக் கஷாயம் இருக்கிறதே என்று குடிக்கக் கூடாது. வியர்க்கவில்லையா, மறுபடியும் கொடு. நோய் கடுமையா, பகலும் இரவும் பக்கத்தில் இருந்து பார். பச்சையாக எதுவும் வேண்டாம், குளிர்ந்தது வேண்டாம், பிசுபிசுப்பான பண்டம் வேண்டாம், இறைச்சி வேண்டாம், மது வேண்டாம்.

மாஹுவாங் கஷாயத்துக்கு வேறு முறை. அந்தச் செடியை மட்டும் முதலில் கொதிக்கவிட்டு, மேலே திரளும் நுரையை எடுத்து எறிந்துவிட்டுத்தான் மற்றவற்றைப் போட வேண்டும். குடித்த பிறகு போர்வை உண்டு, கஞ்சி தேவையில்லை. ஏன்? எபெட்ரா தன் பலத்திலேயே வியர்க்க வைக்கும். அதற்குக் கஞ்சியின் துணை வேண்டாம்.

யாரை வியர்க்க வைக்கவே கூடாது என்றும் ஒரு பட்டியல் போடுகிறார். தொண்டை வறண்டவர்கள், மூக்கில் இரத்தம் வடிபவர்கள், புண்ணால் அவதிப்படுபவர்கள், இரத்தம் இழந்தவர்கள். இவர்களுக்கு இந்த வழி கிடையாது. நோயின் பெயரைப் பார்த்து மருந்து கொடுப்பவரால் இப்படி ஒரு பட்டியல் போட முடியுமா? நோயாளியைப் பார்த்தவரால்தான் முடியும்.

சரி, தொண்டை வறண்டவருக்கு என்னதான் வழி? தொண்டை சிவந்து, தாகம் எடுத்து, குளிர் குறைந்து, சூடு மிகுந்து வரும் சளிக்கு என்ன செய்வது? இதற்குத் தெளிவான பதில் வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1758இல் பிறந்த வூ ஜூதோங் என்பவரின் கதையைக் கேளுங்கள். பத்தொன்பது வயதில் தந்தையை நோய்க்குப் பறிகொடுத்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற வேதனையில், அரசுத் தேர்வுக்கான படிப்பை விட்டுவிட்டு வைத்திய நூல்களைப் பிடித்தார். சில ஆண்டுகளில் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவனும் தொண்டை அடைத்த காய்ச்சலில் போனான். பிறகு தலைநகர் பீஜிங்கில் அரசு நூல் தொகுப்புப் பணியில் இருந்தபோது, சூட்டுக் காய்ச்சல் பற்றிய முந்தைய ஆசிரியர்களை ஊன்றிப் படித்தார். 1793இல் தலைநகரில் கொள்ளை நோய் பரவியபோது நண்பர்கள் வற்புறுத்தி அவரைச் சிகிச்சை செய்ய வைத்தார்கள். மற்றவர்கள் கைவிட்ட பலரை அவர் பிழைக்க வைத்தார். 1798இல் தன் நூலை எழுதி முடித்தார்.

அந்த நூலில் வருவதுதான் யின்ச்சியாவ் பொடி. ஹனிசக்கிள் மொட்டு, ஃபோர்சைத்தியா காய், புதினா இனத்துச் செடி ஒன்று, இன்னும் சில பொருள்கள். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும் பூ அந்த ஹனிசக்கிள். இதைக் காய்ச்சும் முறையைப் பாருங்கள். நாணல் கிழங்கு காய்ச்சிய நீரில் பொடியைப் போட்டுக் கொதிக்க விட வேண்டும். மணம் ஓங்கி எழுந்த உடனே இறக்கிவிட வேண்டும். அதிகம் காய்ச்சக் கூடாது. அங்கே சிறு தீயில் வற்ற வற்றக் காய்ச்சினார்கள். இங்கே மணம் வந்ததும் இறக்குகிறார்கள். அங்கே லவங்கப்பட்டைக் கிளையும் இஞ்சியும் உடம்பைச் சூடாக்கின. இங்கே பூவும் புதினாவும் தணிக்கின்றன. குளிரில் நடுங்குகிறவருக்கு இதைக் கொடுத்தால் பொருந்துமா? தொண்டை எரிகிறவருக்கு அதைக் கொடுத்தால் தாங்குமா? ஆகவேதான் சொல்கிறேன், ஆளைப் பார்க்காத மருந்து அரை மருந்துகூட அல்ல.

இங்கே உங்களில் சிலர் கேட்கலாம்: “ஐயா, நாங்கள் வைத்தியர்கள் இல்லையே! சூடு, குளிர், நாடி என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியுமா?” நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியைச் சீனாவில் நான்காம் நூற்றாண்டிலேயே ஒருவர் எண்ணிப் பார்த்தார். அவர் பெயர் கே ஹோங். ஏழைகள் அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொள்ளும்படியாக, வேலியோரத்திலும் வழியோரத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஒரு கையேடு எழுதினார். காய்ச்சலில் பல வகை உண்டு, சாதாரண மக்களால் அவற்றைப் பிரித்தறிய முடியாது என்று அவர் ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டு, தலைவலியும் உடம்புச் சூடும் தெரியும் முதல் ஓரிரு நாளுக்கு எளிய ஒன்றைச் சொல்கிறார். வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு ஒரு பிடி, நொதிக்க வைத்த கறுப்பு சோயா. இரண்டையும் மூன்று பங்கு நீரில் போட்டு ஒரு பங்காக வற்ற வைத்துக் குடித்து வியர்க்க வேண்டும். அவ்வளவுதான். பலமான மருந்து வைத்தியர் கையில். மென்மையான மருந்து வீட்டார் கையில். எவ்வளவு நேர்மையான பங்கீடு!

அந்த மென்மையான வழியில்தான் சீன வீட்டுச் சமையலறை இன்றுவரை நிற்கிறது. மழையில் நனைந்து பிள்ளை வீட்டுக்கு வந்தால், இஞ்சியைத் தட்டிப் போட்டு, நம் நாட்டுச்சர்க்கரையைப் போன்ற செந்நிறச் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்கள். கால் இரண்டையும் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைக்கச் சொல்கிறார்கள். கஞ்சிக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒட்டும் பச்சரிசி ஒரு கைப்பிடி, இஞ்சி ஐந்து வில்லை. நன்றாகக் குழைய விட வேண்டும். பிறகு வேரோடு ஐந்தாறு வெங்காயத்தாள் வெள்ளைத் தண்டுகளைப் போட்டு, கடைசியில் அரைச் சிறு கிண்ணம் அரிசிக் காடியை ஊற்றி, சூடு ஆறுமுன் குடித்துவிட்டுப் போர்த்திப் படுக்க வேண்டும். குளிர் மிகுந்த சளிக்கு இது. தொண்டை சிவந்து எரியும்போது இஞ்சியை அவர்களே குறைத்துவிடுகிறார்கள்.

பிடரியிலும் மேல் முதுகிலும் எண்ணெய் தடவி, எருமைக் கொம்புத் தகட்டாலோ பீங்கான் கரண்டியின் விளிம்பாலோ சிவக்கச் சுரண்டும் குவா ஷா முறையும் அவர்களிடம் உண்டு. இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்களும், எளிதில் கன்றிப்போகும் தோல் உள்ளவர்களும் அந்தப் பக்கம் போகவே கூடாது. குழந்தைகளின் மென்மையான தோலிலும் அது வேண்டாம்.

நண்பர்களே, இதுவரை மரபின் பெருமையைப் பேசினேன். இனி அறிவியலின் தராசில் இதை வைக்க வேண்டாமா? வைத்தே தீர வேண்டும்!

எபெட்ராவை எடுத்துக்கொள்வோம். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி அதிலிருந்து எபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கோ-குவெய், கார்ல் ஷ்மிட் இருவரும் உடம்பில் அதன் செயல்பாட்டை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மூக்கடைப்பு மாத்திரைகளில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டுவரும் சூடோஎபெட்ரினும் அதே செடியில் இருப்பதுதான். அப்படியென்றால் மரபு வென்றதா? வென்றது. ஆனால் அதே செடி இதயத் துடிப்பை விரைவுபடுத்தும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். உடல் இளைக்கவும் சுறுசுறுப்புக்கும் என்று அதை அமெரிக்காவில் தாராளமாக விற்றபோது விபரீதங்கள் நேர்ந்தன. 2004இல் எபெட்ரா சேர்ந்த துணையுணவுகளை அந்த நாடு தடை செய்தது. ஜாங் ஜோங்ஜிங் ஒரு வேளை, இரு வேளை கொடுத்து, வியர்த்தவுடன் நிறுத்தச் சொன்ன பொருள் அது. அவர் விதித்த எல்லையை மறந்து பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பொருளோடு முறையையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று. வெங்காயத்தாள் கஷாயம் சொன்ன அதே கே ஹோங்கின் கையேட்டில், முறைக்காய்ச்சலுக்கு ஒரு பச்சிலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் குறிப்பு உண்டு. காய்ச்சச் சொல்லவில்லை, பிழியச் சொல்கிறாரே என்று தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி யோசித்தார். சூடு அதன் சக்தியைக் கெடுக்கிறது போலும் என்று குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். அங்கிருந்துதான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் பிறந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை அவர் கண்ணை மூடிக்கொண்டு வணங்கவில்லை. சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனார். மூதாதையருக்குச் செய்யும் மரியாதை அதுதான்!

ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். இஞ்சித் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலான சளி ஏழு முதல் பத்து நாளில் தானே அடங்கும். “இதைக் குடித்தேன், போய்விட்டது” என்று சொல்பவர், குடிக்காமல் இருந்தாலும் போயிருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம் தரும். லேசான உணவு வயிற்றுக்குப் பாரமாகாது. ஓய்வு உடம்புக்குத் தன் வேலையைச் செய்ய இடம் கொடுக்கும். இந்த மூன்றும் சிறிய உதவிகள் அல்ல.

கவனிப்பை விட்டுவிட்டுப் பீதி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சீனாவே காட்டியது. 2003 தொடக்கத்தில் குவாங்டோங் மாகாணத்தில் சார்ஸ் பரவியபோது, மக்கள் கடை கடையாக ஓடிப் பன்லான்கென் என்ற வேர் மருந்தையும் காடியையும் வாங்கிக் குவித்தார்கள். விலை எக்கச்சக்கமாக ஏறியது. யாருக்குக் குளிர், யாருக்குச் சூடு, யாருக்கு நோயே இல்லை என்று அங்கே யார் கேட்டார்கள்? மரபின் பெயரால் மரபின் முதல் கேள்வியையே மறந்தார்கள்.

நாமும் சிலவற்றை மறக்கக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் கடுங்காய்ச்சல், நினைவு தடுமாற்றம் ஆகியவை வந்தால் கஷாயம் வைக்க அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும், போர்வை உதவாது. கர்ப்பிணிகளும், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் சீனப் பொடியோ மாத்திரையோ தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதிமதுரமே அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். இன்னொன்று, சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று மருத்துவரை நச்சரிக்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸிடம் அதற்கு வேலை இல்லை.

சீன வைத்தியரையே நாட விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இன மத பேதம் பார்க்காமல் ஏழைகளுக்குச் சீன வைத்தியத்தை இலவசமாகச் செய்தது. இன்று அந்த நாட்டில் சீன வைத்தியர்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அங்கே வாழும் நம் மக்கள் சீன வைத்தியத்தை நாடினால் அப்படிப் பதிவு பெற்றவரிடமே போக வேண்டும். தாம் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முடிவுக்கு வருகிறேன். குய்ஜி கஷாயத்தின் குறிப்பை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். கஷாயத்தைச் சிறு தீயில் காய்ச்ச ஓர் ஆள் வேண்டும். சரியான நேரத்தில் கஞ்சி கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். போர்த்திவிட, வியர்வை அரும்பியதா என்று தொட்டுப் பார்க்க, அளவு மீறுமுன் போர்வையை விலக்க, போதும் என்று நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்தக் குறிப்பில் எழுதப்படாத ஆறாவது மருந்து அந்த ஆள்தான்! குலத்தில் பெரும்பகுதியைப் புதைத்த மனிதர் எழுதிய குறிப்பு அது. நோயாளி தனியாகக் கிடக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா?

இன்று நாம் என்ன செய்கிறோம்? மாத்திரையை விழுங்கிவிட்டு அலுவலகம் போகிறோம். அங்கே பத்துப் பேருக்குச் சளியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். விடுப்புக் கேட்டால் “சளிதானே” என்கிறார் மேலதிகாரி. இங்கே தொழில் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன்: சளியின் முதல் நாளில் உங்கள் ஊழியருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள். இங்கே தனியறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். பக்கத்து அறை நண்பன் படுத்திருந்தால் கதவைத் தட்டிக் கஞ்சி கொடுங்கள்.

இங்கே கணவன்மார்களும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சளி பிடிக்கும்போது இஞ்சி தட்டுகிறவர் யார்? அம்மா. வெந்நீர் போடுகிறவர் யார்? அம்மா. அவருக்கே சளி பிடித்தால் அவர் என்ன செய்கிறார்? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். அவரைப் போர்த்திப் படுக்க வைத்தவர் யார்? வியர்த்ததா என்று தொட்டுப் பார்த்தவர் யார்? இந்த மழைக்காலத்தில் அந்தக் கடனை அடையுங்கள். அரிசியைக் களைந்து நீங்களே கஞ்சி வையுங்கள். சூடாகக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவர் எழுந்திருக்கப் பார்த்தால் தடுங்கள்.